பனிக்கு அடியில் எரிமலை: பனி அதை அணைத்துவிடாதா? அண்டார்டிகா உருகுவது அதனால்தானா?

கேள்வி இதுதான்: பனிப்படலத்துக்கு அடியில் எரிமலை இருந்தால், மேலே நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனில் கிடக்கும் பனி அதை அணைத்துவிடாதா? அப்படியே வெடித்தாலும் ஆளே இல்லாத பனிவெளியில்தானே வெடிக்கிறது, அதனால் யாருக்கு என்ன? கூடவே இன்னொன்று, அண்டார்டிகாவின் பனிக்கு அடியில் நூற்றுக்கும் மேற்பட்ட எரிமலைகள் இருக்கின்றனவாம், அங்கே பனி குறைந்துகொண்டே வருவதற்கு அவைதான் காரணமா?

முதல் கேள்விக்குப் பதில், அணைக்காது. இரண்டாவதற்கு, ஆயிரக்கணக்கான உயிர்கள் போயிருக்கின்றன. மூன்றாவதற்கு, இல்லை. இந்த மூன்றையும் புரிந்துகொள்ள ஒரு விஷயத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்: பனி மூடிய எரிமலையில் பயப்பட வேண்டியது பெரும்பாலும் குழம்பைப் பார்த்து அல்ல, தண்ணீரைப் பார்த்து. அந்தத் தண்ணீர் எரிமலையின் பக்கத்தில் இருப்பவர்களை விட்டுவிட்டு, மலையே கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் ஆற்றங்கரையில் தூங்கிக்கொண்டிருப்பவர்களைத் தேடிப் போகும்.

பனி அணைத்துவிடும் என்று தோன்றுவதற்குக் காரணம், எரிமலையை நாம் நெருப்பாக நினைப்பதுதான். அங்கே எதுவும் எரியவில்லை. பூமிக்குள் உருகிய பாறை மேலே வருகிறது, அவ்வளவுதான். ஐஸ்லாந்தில் அதிகம் வரும் பசால்ட் குழம்பு என்றால் அதன் வெப்பம் சுமார் 1,100 முதல் 1,200 டிகிரி செல்சியஸ். ஒரு கன மீட்டர் குழம்பு முழுவதும் ஆறிக் கல்லாகும்போது விடுகிற வெப்பத்தைக் கணக்குப் போட்டால், அது பத்துக் கன மீட்டருக்கும் மேல் பனியை உருக்கப் போதும்; வெப்பம் கொஞ்சமும் வீணாகாமல் பனிக்கே போனால் 14 கன மீட்டர் வரைகூடப் போகும். குழம்பை ஆறவைக்க வேண்டுமானால் அதைப்போல் பத்து மடங்குப் பனி உருக வேண்டியிருக்கிறது. குழம்போ கீழேயிருந்து வந்துகொண்டே இருக்கிறது. இதில் யார் தோற்பார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

ஆனால் பனி சும்மா தோற்பதில்லை, வெடிப்பின் குணத்தையே மாற்றிவிடுகிறது. 500 மீட்டர் தடிமனுள்ள பனி தன் அடியில் கிட்டத்தட்ட 45 வளிமண்டல அழுத்தம் கொடுக்கும். அவ்வளவு அழுத்தத்தில் தண்ணீர் திடீரென்று நீராவியாகிச் சீற முடியாது, குழம்பில் கரைந்திருக்கும் வாயுக்களும் அவ்வளவு எளிதாகப் பிரிந்து வெடிக்க முடியாது. அதனால் தொடக்கத்தில் குழம்பு சத்தமில்லாமல் பிதுங்கி வெளியே வரும். வந்ததும் தண்ணீர் பட்டு மேல்தோல் இறுகிவிடும், உள்ளே இருப்பது தோலைக் கிழித்துக்கொண்டு அடுத்த உருண்டையாகப் பிதுங்கும். ஆழ்கடல் தரையிலும் இதே வடிவம்தான், தலையணை லாவா என்பார்கள். பிறகு பனி உருகி மேலே உள்ள பாரம் குறையக் குறைய ஆட்டம் மாறுகிறது. சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் எப்படிச் சிதறுமோ அப்படி, குழம்பு நொடியில் உறைந்து கண்ணாடித் துகள்களாக நொறுங்குகிறது, நீராவி சீறுகிறது, சாம்பல் பனியைப் பொத்துக்கொண்டு வானத்துக்கு ஏறுகிறது.

இந்த வரிசை அப்படியே கல்லில் பதிந்திருக்கும் மலைகள் இருக்கின்றன. ஐஸ்லாந்தின் ஹெர்துபிரெய்த் மலையைப் படத்தில் பார்த்திருந்தால் மறக்க மாட்டீர்கள். 1,682 மீட்டர் உயரம், பக்கங்கள் செங்குத்து, உச்சி மேசை போலத் தட்டை. இந்த வகை மலையின் அடிவாரத்தில் தலையணை லாவா இருக்கும். அதற்கு மேல் நொறுங்கிய எரிமலைக் கண்ணாடி இறுகி உண்டான பழுப்பு நிறப் பாறை, விரல் நகத்தால் சுரண்டினால் சில இடங்களில் பொடியாக உதிரும். எல்லாவற்றுக்கும் மேலே, திறந்தவெளியில் சாதாரணமாக ஓடி உறைந்த கறுப்பு லாவாத் தட்டு. அதாவது எரிமலை பனிக்குள் தனக்கென்று ஒரு ஏரியை உருக்கிக்கொண்டு, அதற்குள்ளேயே வளர்ந்து, கடைசியில் நீர்மட்டத்தைத் தாண்டித் தலையை வெளியே நீட்டியிருக்கிறது. இந்த மலைகளுக்குத் தூயா என்று பெயர், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள தூயா பியூட் மலையை வைத்து 1947-ல் நிலவியலாளர் வில்லியம் ஹென்றி மாத்யூஸ் வைத்தது. பனியுகத்தில் அந்த இடத்தில் பனி எவ்வளவு தடிமனாக இருந்தது என்று தெரிய வேண்டுமானால், நொறுங்கிய பாறை முடிந்து லாவாத் தட்டு ஆரம்பிக்கும் உயரத்தை அளந்தால் போதும், பழைய நீர்மட்டம் அதுதான். பனி போய்ப் பத்தாயிரம் வருஷம் ஆன பிறகும் அதன் உயரத்தைச் சொல்லும் அளவுகோலாக ஒரு மலை நிற்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

சரி, தண்ணீருக்கு வருவோம். இதற்கு 1996-ல் ஐஸ்லாந்தில் நடந்த கியால்ப் வெடிப்பை விடத் தெளிவான உதாரணம் கிடையாது, ஏனென்றால் ஆரம்பம் முதல் கடைசி வரை விஞ்ஞானிகள் அருகிலிருந்து பார்த்தார்கள். இடம் வாட்னயோகுல், ஐரோப்பாவின் மிகப் பெரிய பனிப்படலங்களில் ஒன்று. அதற்கு அடியில் பார்தர்புங்கா, கிரிம்ஸ்வோட்ன் என்று பல எரிமலைகள் இருக்கின்றன. அந்த இரண்டுக்கும் நடுவில் செப்டம்பர் 30 இரவு பனிக்கு அடியில் வெடிப்பு தொடங்கியது. மறுநாள் காலையில் விமானத்திலிருந்து பார்த்தவர்களுக்குப் புகையும் இல்லை, சாம்பலும் இல்லை. வெள்ளைப் பரப்பில் ஆங்காங்கே பெரிய கிண்ணம் போலப் பனி உள்வாங்கி, சுற்றிலும் வட்ட வட்டமாக விரிசல் விட்டிருந்தது. அந்தப் பள்ளங்கள் கண் முன்னாலேயே ஆழமாகிக்கொண்டு போயின. 500 மீட்டருக்கும் மேல் தடிமன் இருந்த பனியைத் துளைத்துக்கொண்டு சாம்பல் வெளியே வர ஒன்றரை நாள்கூட முழுதாக ஆகவில்லை. இரண்டு வாரத்தில் வெடிப்பு ஓய்ந்தது. அதற்குள் சுமார் 3 கன கிலோமீட்டர் பனி தண்ணீராகிவிட்டது.

அந்தத் தண்ணீர் எங்கே போனது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வெளியே ஒரு சொட்டு வரவில்லை. பனிக்கு அடியிலேயே ஓடி, பக்கத்தில் கிரிம்ஸ்வோட்ன் எரிமலையின் குழியில் இருக்கும் ஏரியில் போய்ச் சேர்ந்தது. அந்த ஏரிக்கு மேலே 200 மீட்டருக்கும் அதிகமான தடிமனில் பனி மிதந்துகொண்டிருக்கிறது, சுற்றிலும் கனத்த பனி அணை. பனிக்கு அடியில் ஓடும் தண்ணீர் நாம் பழகிய விதியில் ஓடாது, இதைக் கொஞ்சம் நிறுத்திப் புரிந்துகொள்ளுங்கள். அதன் திசையைத் தீர்மானிப்பது தரையின் சரிவைவிட மேலே இருக்கும் பனியின் சரிவுதான், ஏறத்தாழ பத்து மடங்கு அதிகச் செல்வாக்கு அதற்கு. பனி தடிமனாக இருக்கும் இடத்தில் அழுத்தம் அதிகம், மெலிந்த இடத்தில் குறைவு. தண்ணீர் அதிகத்திலிருந்து குறைவுக்குப் போகும், அதற்காகத் தரையில் மேடு ஏற வேண்டியிருந்தாலும் ஏறும். அதனால் எந்த எரிமலை வெடித்தால் எந்த ஆற்றில் வெள்ளம் வரும் என்று நிலத்தின் வரைபடத்தைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது, பனியின் வரைபடமும் வேண்டும். அதை ரேடார் வைத்து முன்கூட்டியே வரைந்து வைத்திருந்ததால்தான் தண்ணீர் ஏரியில்தான் சேர்கிறது, அங்கிருந்து தெற்கே ஸ்கெய்தாரா சமவெளிக்குத்தான் வரும் என்று அன்றைக்கு உறுதியாகச் சொல்ல முடிந்தது.

எல்லோரும் காத்திருந்தார்கள். ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம் தாண்டியது. ஏரியின் மட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. பனி தண்ணீரைவிட லேசானது என்பதால், ஏரி ஓர் அளவுக்கு மேல் உயர்ந்தால் அணையாக நிற்கும் பனியையே தூக்கிவிடும். நவம்பர் 5-ஆம் தேதி காலையில் அது நடந்தது. பனியாற்றின் முகப்பிலிருந்து வெள்ளம் பீறிட்டது, சில மணி நேரத்தில் நொடிக்கு 45,000 கன மீட்டர் அளவுக்கு உயர்ந்தது, இரண்டு நாளில் 3 கன கிலோமீட்டருக்கும் மேல் தண்ணீர் கடலுக்குப் போய்விட்டது. வீடு அளவுள்ள பனிப்பாளங்கள் மிதந்து வந்து மோதியதில் கிக்யூக்விஸ்ல் ஆற்றுப் பாலம், 376 மீட்டர் நீளம், மொத்தமாகக் காணாமல் போனது. அப்போது நாட்டின் மிக நீளமான பாலமாக இருந்த ஸ்கெய்தாரா பாலத்திலும் ஒரு பகுதி போனது. சாலை பல கிலோமீட்டருக்கு அடித்துச் செல்லப்பட்டது. முறுக்கித் திருகிய உத்தரத் துண்டுகளை அந்தச் சாலையோரம் இன்றும் நினைவுக்கு வைத்திருக்கிறார்கள், இரும்புச் சட்டத்தைத் துணி போலப் பிழிந்து போட்டிருக்கிறது தண்ணீர். ஒருவர்கூட இறக்கவில்லை. வெள்ளம் வரும் என்று தெரிந்ததால் சாலையை முன்பே மூடிவிட்டிருந்தார்கள்.

இந்த மாதிரி வெள்ளத்துக்கு ஐஸ்லாந்து மொழியில் யோகுல்லாப் என்று பெயர், இப்போது உலகம் முழுவதும் பனியியல் ஆய்வாளர்கள் அந்தப் பெயரையே பயன்படுத்துகிறார்கள். 1996-ல் வந்தது பெரியது என்று நினைத்தால் கட்லாவைப் பாருங்கள். மிர்தால்ஸ்யோகுல் பனிப்படலத்துக்கு அடியில், சில இடங்களில் 700 மீட்டர் பனிக்குக் கீழே இருக்கும் எரிமலை அது. 1918 அக்டோபர் 12-ஆம் தேதி வெடித்தபோது நொடிக்குச் சுமார் 3 லட்சம் கன மீட்டர் வரை வெள்ளம் வந்ததாக மதிப்பிடுகிறார்கள். அமேசான் ஆற்றின் சராசரி ஓட்டமே நொடிக்கு 2 லட்சம் கன மீட்டர்தான். கியால்ப் போல ஒரு மாத அவகாசமும் இல்லை. கட்லாவில் தண்ணீரைத் தேக்கி வைக்க ஏரி கிடையாது, உருகியது உருகியபடி சில மணி நேரத்தில் சமவெளிக்கு வந்துவிடும். அன்று ஆடுகளை ஓட்டி வரப் போயிருந்தவர்கள் வெள்ளத்துக்கு முன்னால் குதிரையில் பாய்ந்து வந்து தப்பினார்கள். வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய மணலில் கடற்கரையே தெற்கே தள்ளிப் போனது. அதற்குப் பிறகு கட்லாவில் பனியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த வெடிப்பு எதுவும் இல்லை, ஆனால் 2011 ஜூலையில் அங்கிருந்து வந்த சின்ன வெள்ளம் ஒன்றே முக்கியச் சாலையின் பாலத்தைக் கொண்டுபோய்விட்டது.

ஐஸ்லாந்து கதைகளை மட்டும் கேட்டால் இது ஏதோ பாலம் உடைகிற விவகாரம் என்று தோன்றும். அப்படி இல்லை. கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை எழுதுவதில் அர்த்தமே இல்லை என்று நினைக்கிறேன்.

ரூயிஸ் 5,300 மீட்டருக்கும் மேல் உயரம், உச்சியில் பனித்தொப்பி. இங்கே எரிமலை முழுவதும் பனிக்குள் புதைந்திருக்கவில்லை, வாய்க்கு வெளியே சுற்றிலும் பனி போர்த்தியிருக்கிறது; ஆனால் தண்ணீர் விஷயத்தில் இதுதான் இன்னும் மோசம், ஏனென்றால் சூடான சாம்பலும் கற்களும் பனியின் மேற்பரப்பில் உருண்டு ஓடி, அதைக் கிளறி, ஒரே நேரத்தில் பரந்த இடத்தை உருக்கிவிடும். 1985 நவம்பர் 13 மதியம் லேசாகச் சாம்பல் கொட்ட ஆரம்பித்தது. இரவு 9 மணிக்குப் பிறகு பெரிய வெடிப்பு. பெரிய என்றால் அந்த மலைக்குப் பெரிய, உலக அளவில் அது சாதாரணமான வெடிப்புதான். உச்சியில் இருந்த பனியில் பத்தில் ஒரு பங்குதான் உருகியது. அந்தத் தண்ணீர் மலையிலிருந்து இறங்கும் ஆறுகளில் விழுந்து, கரையை அரித்து, மண்ணையும் பாறையையும் மரங்களையும் சேர்த்துக்கொண்டு, கீழே போகப் போகப் பல மடங்கு பெருத்து, ஈரக் கான்கிரீட் பதத்தில் சேறாக ஓடியது. லஹார் என்பது இதைத்தான். ஆற்று வழியாக 70 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த ஆர்மேரோ என்ற ஊரை அது அடைந்தபோது இரவு பதினொன்றரை. ஊரில் மின்சாரம் இல்லை, மழை பெய்துகொண்டிருந்தது, எரிமலை அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது. அமைதியாக வீட்டில் இருங்கள் என்று சாயங்காலம் சொல்லப்பட்டதை நம்பி மக்கள் தூங்கப் போயிருந்தார்கள். சுமார் 29,000 பேர் வசித்த ஊரில் ஏறத்தாழ 20,000 பேர் அந்த இரவில் இறந்தார்கள். மலையின் மறுபக்கத்துச் சின்சினா ஊரையும் சேர்த்தால் 23,000 பேர்.

இதில் என்னால் எளிதாகக் கடந்து போக முடியாத விஷயம் என்னவென்றால், ஆபத்து வரைபடம் தயாராக இருந்தது. வெடிப்புக்கு ஒரு மாதம் முன்பே, அக்டோபரில் வந்துவிட்டது, ஆர்மேரோ சேற்றுவெள்ளத்தின் பாதையில் இருப்பதாக அதில் தெளிவாகக் காட்டப்பட்டிருந்தது. 1845-லேயே அதே இடத்தில் அதே மலையின் சேற்றுவெள்ளம் வந்து ஆயிரம் பேர் அளவில் இறந்திருந்தார்கள். ஆர்மேரோ கட்டப்பட்டதே அந்தப் பழைய சேற்றின் மேல்தான். வெடித்ததற்கும் ஊருக்குச் சேறு வந்ததற்கும் நடுவில் இரண்டரை மணி நேரம் இருந்தது. மேடான இடம் நடந்துபோகிற தூரத்தில் இருந்தது. விஞ்ஞானம் இங்கே தோற்கவில்லை. தகவல் இருந்தது, அதை நம்பி ஊரைக் காலி செய்யச் சொல்லும் முடிவை யாரும் எடுக்கவில்லை. தவறிப்போய் வெடிக்காவிட்டால் காலி செய்த செலவுக்கு யார் பதில் சொல்வது என்ற தயக்கம்தான் பெரிதாக இருந்தது.

அதே கொலம்பியாவில் பிறகு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது அதிகம் பேசப்படுவதில்லை. நெவாடோ டெல் வீலா என்ற இன்னொரு பனி மூடிய எரிமலை 2007-லும் 2008-லும் வெடித்து, பாயெஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பெரிய சேற்றுவெள்ளங்களை அனுப்பியது. 2008 நவம்பரில் வந்தது ஆர்மேரோவை அழித்ததைவிட அளவில் பெரியது. ஆனால் ஆற்றோரத்தில் அதிர்வுக் கருவிகள் இருந்தன, எச்சரிக்கை வந்ததும் எங்கே ஓட வேண்டும் என்று மக்களுக்குப் பழக்கம் இருந்தது. இறந்தவர்கள் பத்துப் பேர் அளவில்தான். அந்தப் பத்தும் இழப்புதான், ஆனால் இருபதாயிரத்துக்கும் பத்துக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் எரிமலை செய்தது கிடையாது, எச்சரிக்கை செய்தது.

சாம்பலைப் பற்றிச் சுருக்கமாக. 2010 ஏப்ரல் 14-ல் ஐஸ்லாந்தின் ஏயாஃப்யாட்லயோகுல் உச்சியில், சுமார் 200 மீட்டர் பனிக்கு அடியில் வெடிப்பு தொடங்கியதும் ஐரோப்பிய வான்வெளி ஒரு வாரம் போல முடங்கியது, ஒரு லட்சத்துக்கு நெருக்கமான விமானங்கள் ரத்தாயின. அதற்கு முந்தைய மாதம் அதே எரிமலையின் பக்கவாட்டில், பனி இல்லாத இடத்தில் நடந்த வெடிப்பை மக்கள் வேடிக்கை பார்க்கப் போய்வந்தார்கள், ஐரோப்பிய வான்வெளி முடங்கவில்லை. உச்சியில் வந்த குழம்பு கொஞ்சம் வேறு வகை, வாயு அதிகம் உள்ளது. அதோடு உருகிய பனிநீரும் சேர்ந்ததில் மாவு போல நுண்ணிய சாம்பல் உண்டாகி, காற்று அடித்த திசையில் வெகுதூரம் போனது. அந்தச் சாம்பல் பெரும்பாலும் கண்ணாடித் துகள். ஜெட் எஞ்சினுக்குள் இருக்கும் வெப்பத்தில் உருகி, உள்பாகங்களில் ஒட்டிக்கொண்டு எஞ்சினை நிறுத்திவிடும். மிகையாகப் பயந்துவிட்டார்கள் என்று அப்போது பலரும் சொன்னார்கள். 1989 டிசம்பர் 15-ல் அலாஸ்காவின் ரிடவுட் எரிமலைச் சாம்பலுக்குள் நுழைந்த கேஎல்எம் விமானத்தில் நான்கு எஞ்சின்களும் நின்று, அது நான்கு கிலோமீட்டருக்கும் மேல் கீழே இறங்கிய பிறகுதான் மறுபடி உயிர் வந்தது. அதைத் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம், பனிக்கு அடியில் நடப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது. நிலநடுக்கக் கருவிகள், நிலம் உப்புவதை அளக்கும் ஜிபிஎஸ் எல்லாம் மற்ற எரிமலைகளுக்கும் உண்டு. இங்கே கூடுதலாக ஆற்றைக் கவனிக்கிறார்கள். எரிமலைக்குப் பக்கத்தில் கிடந்த தண்ணீரில் கனிமங்கள் அதிகம் கரைந்திருக்கும், அதனால் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். பனியாற்றிலிருந்து வரும் ஆற்றில் கடத்துதிறன் ஏற ஆரம்பித்தால் உள்ளே ஏதோ கசிகிறது என்று பொருள். கூடவே அழுகிய முட்டை நாற்றம், அது ஹைட்ரஜன் சல்பைடு, செறிவு கூடினால் உயிருக்கே ஆபத்து. கிரிம்ஸ்வோட்ன் ஏரியின் மேல் மிதக்கும் பனியில் ஒரு ஜிபிஎஸ் வைத்திருக்கிறார்கள். அது இறங்க ஆரம்பித்தால் ஏரி வடிகிறது, வெள்ளம் கிளம்பிவிட்டது என்று தெரிந்துவிடும். இதில் இன்னொரு சங்கிலியும் இருக்கிறது. ஏரி வடிந்தால் எரிமலையின் மேல் இருக்கும் பாரம் குறைகிறது, வெடிக்கத் தயாராக இருந்த குழம்புக்கு அது ஒரு கதவைத் திறந்துவிட்ட மாதிரி. 2004 நவம்பரில் அப்படித்தான் நடந்தது, வெள்ளம் முதலில் கிளம்பியது, வெடிப்பு அதன் பின்னால் வந்தது.

இப்போது அண்டார்டிகா. 2017-ல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரேடார் தரவுகளை வைத்து மேற்கு அண்டார்டிகாவில் பனிக்கு அடியில் 138 எரிமலை வடிவங்களை அடையாளம் கண்டார்கள், அதில் 91 அதுவரை தெரியாதவை. செய்தி உண்மைதான். ஆனால் அவர்கள் கண்டது எரிமலைக் கூம்பின் வடிவத்தில் இருக்கும் மலைகளை. அவை எல்லாம் இன்று கொதித்துக்கொண்டிருக்கின்றன என்று அவர்கள் சொல்லவில்லை. சில உயிரோடு இருந்ததற்குச் சான்று உண்டு. ஹட்சன் மலைப் பகுதியில் சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் ஒரு வெடிப்பு பனியைத் துளைத்துச் சாம்பலைக் கொட்டியிருக்கிறது, அந்தச் சாம்பல் படலம் பனிக்குள் புதைந்து கிடப்பதை 2008-ல் பிரிட்டிஷ் அண்டார்டிக் ஆய்வு நிறுவனத்தார் ரேடாரில் கண்டுபிடித்தார்கள்.

அப்படியானால் உருகுவதற்கு அவை காரணமா? எனக்குத் தெரிந்து இதற்கு வாதத்தைவிடக் கணக்கு நல்ல பதில். இத்தனை நேரம் நாம் பேசிய கியால்ப் வெடிப்பு, அடுத்தடுத்த மாதங்களில் ஆறிய வெப்பத்தையும் சேர்த்து, உருக்கியது சுமார் 4 கன கிலோமீட்டர் பனி. அண்டார்டிகா இந்த நூற்றாண்டில் சராசரியாக வருஷத்துக்கு 15,000 கோடி டன், அதாவது 150 கன கிலோமீட்டர் தண்ணீருக்குச் சமமான பனியை இழந்துவருகிறது. எரிமலைதான் காரணம் என்றால் அங்கே ஒவ்வொரு வருஷமும் நாற்பது கியால்ப் நடக்க வேண்டும். அப்படி நடந்தால் பனிப்பரப்பு முழுவதும் கிண்ணங்களாக உள்வாங்கியிருக்கும், நிலநடுக்கக் கருவிகள் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும், செயற்கைக்கோள் கண்ணுக்குத் தப்பவே தப்பாது. ஒன்றும் அப்படி இல்லை.

வெடிக்காமல் கீழேயிருந்து மெதுவாகக் கசியும் பூமி வெப்பம்? அது உண்டு, மேற்கு அண்டார்டிகாவின் த்வெய்ட்ஸ் பனியாற்றுக்கு அடியில் உலக சராசரியைவிட அதிகமாகவே உண்டு. சதுர மீட்டருக்கு 0.1 வாட் என்று வைத்துக்கொண்டால் அது வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் பனியை உருக்கும். அதே பகுதியில், பனியாறு கடலில் மிதக்கும் இடத்தில், அடியில் புகுந்த வெதுவெதுப்பான ஆழ்கடல் நீர் சில இடங்களில் வருஷத்துக்குப் பத்து மீட்டருக்கும் மேல் உருக்குகிறது. ஆயிரம் மடங்கு வித்தியாசம். அதோடு, அந்தப் பூமி வெப்பம் லட்சக்கணக்கான வருஷமாக அங்கேயே இருக்கிறது, பனியும் அதோடு கூடவே இருந்துவந்தது. கடந்த சில பத்தாண்டுகளில் இழப்பு கூடியதற்கு மாறாமல் இருந்த ஒன்றைக் காரணம் காட்ட முடியாது. ஒரு விஷயத்தை மட்டும் ஒதுக்காமல் வைத்துக்கொள்ளலாம்: அடியில் உண்டாகும் கொஞ்ச நீரும் பனியாற்றுக்கு வழுக்குத்தளமாகி அதன் ஓட்டத்தை வேகப்படுத்தும், அதனால் பனி எப்படி நகரும் என்று கணக்கிடுகிறவர்களுக்கு எரிமலைகள் இருக்கும் இடம் தெரிந்தாக வேண்டும்.

உண்மையில் தொடர்பு எதிர்த்திசையில்தான் வலுவாக இருக்கிறது, எரிமலை பனியை உருக்குவதைவிடப் பனி போவது எரிமலையை எழுப்புகிறது. ஒரு கிலோமீட்டர் பனி நிலத்தை அழுத்திக்கொண்டிருக்கும்போது கீழே ஆழத்தில் பாறை உருகுவது கொஞ்சம் கட்டுப்படும். பாரம் போனால் அழுத்தம் குறைந்து பாறை அதிகம் உருகும். கடைசிப் பனியுகம் முடிந்து ஐஸ்லாந்தின் பனி போனதும், அடுத்து வந்த ஆயிரம் இரண்டாயிரம் வருஷங்களுக்கு அங்கே எரிமலைக் குழம்பு வெளிவந்த வேகம் இன்றையதைவிடப் பல பத்து மடங்கு அதிகம் என்பதைப் பாறைகளை வைத்தே கண்டிருக்கிறார்கள். இப்போது வாட்னயோகுல் மெலிந்துவருகிறது, அதைச் சுற்றியுள்ள நிலம் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் அளவில் எழும்பிக்கொண்டிருக்கிறது, ஜிபிஎஸ்ஸில் தெளிவாகத் தெரிகிறது. பனியுகப் பனியோடு ஒப்பிட்டால் இன்று போவது சிறிது, அதனால் நாளைக்கே எல்லாம் வெடிக்கும் என்று அலற வேண்டியதில்லை.

பனி குறைந்தால் சேற்றுவெள்ளமும் குறையுமே, அது நல்லதுதானே என்று சிலர் கேட்பார்கள். ரூயிஸில் அன்று உருகியது பத்தில் ஒரு பங்கு என்பதை மறக்க வேண்டாம். மீதி ஒன்பது பங்கில் பாதி போய்விட்டாலும், இருக்கிற பனி இன்னொரு ஆர்மேரோவுக்குத் தாராளமாகப் போதும். அமெரிக்காவின் ரெய்னியர் எரிமலையில் கேஸ்கேட் மலைத்தொடரிலேயே மிக அதிகமான பனி இருக்கிறது. அதன் அடிவாரத்தில் ஆர்ட்டிங் என்ற ஊர், சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் வந்த சேற்றுவெள்ளத்தின் படிவின் மேலேயே இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் ஆறுகளில் சேற்றின் அதிர்வைக் கேட்டு எச்சரிக்கும் கருவிகளை 1998 முதல் வைத்திருக்கிறார்கள், சேறு கிளம்பினால் ஊருக்கு வர ஒரு மணி நேரம்கூட ஆகாது என்பதால் அங்கே பள்ளிப் பிள்ளைகள் மணி அடித்ததும் மேட்டுக்கு நடந்துபோகும் பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.